செத்த பேட்டரியும் இரண்டு வேண்டாமும்

ஸ்டோர்விக், மினசோட்டா
ஜனவரி, வெள்ளிக்கிழமை

‘ஸ்டோர்விக் வாரச்செய்தி’ ஆசிரியர், மதிப்புக்குரிய திரு. லோரன் ஃபிஸ்கே அவர்களின் சமூகத்துக்கு,

பிர்ச் தெருவில் குடியிருப்பவனும், தங்கள் தகப்பனார் காலத்திலிருந்தே தங்கள் பத்திரிகையை முதல் பக்கம் தொடங்கி மரண அறிவிப்பு வரை ஒரு வரி விடாமல் படித்து வருபவனுமான ஹார்லன் நுட்சன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மனைவி ஆர்டிஸும் அவளுடைய புது இடுப்பெலும்பும் நலம். அங்கே தாங்களும் தங்கள் இல்லத்தாரும், சென்ற மாதம் ஏரியில் மீன் பிடிக்கப் போய்ப் பனிக்கட்டி உடைந்து முங்கி எடுக்கப்பட்ட தங்கள் மச்சினரும் நலமாயிருக்கக் கடவுளை வேண்டுகிறேன். குளிர் ஒன்றும் மோசமில்லை. காற்று மட்டும் இல்லாவிட்டால் இன்னும் மோசமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரத் தாளில், லுதரன் மாதர் சங்கத்தின் விருந்து அறிவிப்புக்கும் காணாமற்போன ஒரு நாய்க்கும் நடுவில், ‘செத்த பேட்டரிக்கு ஆபத்தில்லாமல் உயிர் கொடுப்பது எப்படி’ என்று ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். குறிப்பில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சிவப்பு வயரின் ஒரு கிளிப்பைச் செத்த பேட்டரியின் கூட்டல் முனையில் மாட்டு, மறு கிளிப்பை நல்ல பேட்டரியின் கூட்டல் முனையில் மாட்டு, கறுப்பை நல்ல பேட்டரியின் கழித்தல் முனையில் மாட்டு, கடைசிக் கறுப்பை மட்டும் செத்த பேட்டரியின் பக்கமே கொண்டுபோகாதே, இன்ஜினில் தள்ளியிருக்கும் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டு, ஏனென்றால் பேட்டரியிலிருந்து வாயு கசியும், கடைசி கிளிப்பில் பொறி பறக்கும், இரண்டும் சந்தித்தால் உன் மூஞ்சி உன்னுடையதாக இருக்காது. எல்லாம் சரி. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் முதல் வரியாக என்ன போட்டிருக்கிறீர்கள்? ‘உதவிக்கு வரும் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தவும்.’ அவ்வளவுதான். அடுப்பைப் பற்றவை என்பது போல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். ஐயா, நீங்கள் இந்த ஊரில்தானே பிறந்தீர்கள்? இந்த ஊரில் ஒரு வண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவது அவ்வளவு சுலபமா?

நம் ஊர் வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தாலும், புதிதாகக் கலிபோர்னியாவிலிருந்து வந்திருக்கும் பல் டாக்டரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். உதவி வேண்டுமென்று வாயைத் திறந்து கேட்பவன் ஸ்டோர்விக்கில் மனுஷனில்லை. செத்த வண்டிக்குப் பக்கத்தில் நின்று வானத்தைப் பற்றிப் பேசலாம். அடுத்தவன் தானாகப் பார்த்து, “வேணுமா?” என்று கேட்க வேண்டும். நாம் “வேண்டாம்” என்று சொல்ல வேண்டும். அவன் மறுபடி கேட்க வேண்டும். நாம் மறுபடி “வேண்டவே வேண்டாம்” என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால், “உனக்குச் சிரமமில்லேன்னா சரி” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லலாம். காப்பிக்கும் இதே கணக்கு, கேக்குக்கும் இதே கணக்கு, தீப்பிடித்த வீட்டுக்கும் இதே கணக்கு. ரோசஹோல்ட் பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது ஸ்ட்ரெச்சரோடு வந்த பையன்களிடம், “எதுக்குப்பா உங்களுக்குச் சிரமம், நடந்தே வரேன்” என்று இரண்டு தடவை சொன்னாராம். மூன்றாவது தடவை கேட்பதற்குள் அவர் போய்விட்டார். அடக்கத்துக்கு ஊரே வந்து, “கடைசி வரைக்கும் யாருக்கும் தொந்தரவு குடுக்காத மனுஷன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. உங்கள் பத்திரிகையும் அதையே கறுப்புக் கட்டம் கட்டிப் போட்டது.

இப்போது என் கதை. கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு ஆர்டிஸ் சர்ச் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும்; கையிலிருந்த உருளைக்கிழங்குத் தட்டைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டே விழுந்தாள் என்பதை நீங்களே பாராட்டி எழுதியிருந்தீர்கள். மாவட்ட ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து அழைத்துப் போகலாம் என்றார்கள். அதற்குள் டுலூத்திலிருந்து அவளுடைய அக்காள் வெர்னா வந்து இறங்கிவிட்டாள். வெர்னாவை நீங்கள் பார்த்ததில்லை. நல்ல மனுஷி. புயலும் நல்லதுதான், மழை கொடுக்கிறது. புதன்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, நான் இந்தப் பக்கம் நிற்பதே தெரியாத மாதிரி ஆரம்பித்தாள்.

“ஆர்டிஸ், இவருக்கு முட்டை வேக வைக்கத் தெரியுமா? கால் நொண்டுறவள எப்படிப் பாத்துக்குவாரு? என் வீட்ல படிக்கட்டு கிடையாது, குளியலறையில பிடிச்சுக்கக் கம்பி போட்ருக்கேன். பனி உருகுற வரைக்கும் அங்க இரு. நாளைக்கு மதியம் அவரு வந்தாப் பாப்போம், வரலேன்னா நேரா என் வண்டியில ஏத்திக்கிறேன்.”

பனி உருகுவது மே மாதம். ஆசிரியரே, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் டப்பா சூப்பை டப்பாவோடு சாப்பிட்டேன். சாயங்காலம் ஆனால் எதற்கென்று தெரியாமல் அறை அறையாக விளக்கைப் போட்டுக்கொண்டு நடந்தேன். கட்டிலில் அவள் பக்கத்துப் போர்வையை நான் கலைக்கவேயில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் “நீ இல்லாமல் முடியாது” என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, நம் ஊரில் யார்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் முடியாது. மே மாதம் வரை என்னால் முடியாது. இதைப் பத்திரிகையில் போட வேண்டாம்.

அதனால் வீடு திரும்பியதும் அன்று ராத்திரியே எல்லா ஆயத்தமும் செய்தேன். வண்டியின் முன் இருக்கையில் அவளுக்காக ஒரு தலையணை, மேலே ஒரு கம்பளி, கால் வைக்க ஒரு மெத்தை. கதவைச் சாத்தினேன். வண்டியின் மூக்கிலிருந்து தொங்கும் ஹீட்டர் வயரைச் சுவரிலிருக்கும் பிளக்கில் சொருகினேன், நாமெல்லோரும் நவம்பரிலிருந்து மார்ச் வரை தினமும் செய்கிற மாதிரி. சொருகிவிட்டுப் படுத்தால் வண்டிக்கு எந்தக் குறையும் வராது என்பது நம் ஊர் நம்பிக்கை. ஞானஸ்நானத்துக்கு அடுத்தபடி நாம் நம்புவது அந்த பிளக்கைத்தான். காலையில் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன், அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி கதகதவென்று இருந்தது. சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்றது. மறுபடி திருப்பினேன். அந்த ‘டக்’கும் இல்லை. அந்த வயர் இன்ஜினைத்தான் சூடாக்கும், பேட்டரிக்கு ஒரு சொட்டு மின்சாரமும் தராது என்பது இந்த வயதில், இந்தக் குளிரில், அந்த நிமிஷத்தில்தான் என் மண்டையில் உறைத்தது. தலையணையின் ஒரு மூலை கதவிடுக்கில் மாட்டியிருந்தது. கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்விளக்கு ராத்திரி முழுக்க எரிந்து பேட்டரியைக் குடித்துவிட்டிருந்தது. பெண்டாட்டிக்குத் தலையணை வைத்த புண்ணியம்.

சைபருக்குக் கீழே முப்பது டிகிரி. ஆஸ்பத்திரி முக்கால் மணி நேரத் தூரம். நான் செய்யக்கூடியதைச் செய்தேன்: பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்தேன். பானெட்டைத் தூக்குவது உதவி கேட்பதாகாது. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு க்ளேட்டன் பனி வாரும் மண்வெட்டியோடு வெளியே வந்தான். அவனிடம் பெரிய பிக்கப் வண்டி இருக்கிறது, அதன் பேட்டரியை வைத்து ஊருக்கே விளக்கேற்றலாம்.

“குளிருதுல்ல, ஹார்லன்?” என்றான்.

“இதெல்லாம் ஒரு குளிரா. காத்தடிச்சாத்தான் குளிரு.”

“பானெட்டு தெறந்திருக்கே?”

“ஆமா. சும்மா, காத்தாட விட்ருக்கேன்.”

“ஓ.” கொஞ்ச நேரம் இரண்டு பேரும் இன்ஜின் காற்றாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “பேட்டரி போயிருச்சோ? என் வண்டியக் கொண்டாரட்டுமா?”

“அய்யய்யோ, வேணாம்ப்பா. உனக்கு வேலை கெடக்கும்.”

“ஒரு வேலையும் இல்ல. அஞ்சு நிமிஷம்.”

“வேண்டவே வேண்டாம். அது தானாச் சரியாயிரும்.”

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். மூன்றாவதற்குக் காது கொடுத்துக் காத்திருந்தேன். க்ளேட்டன் என் முகத்தை உற்றுப் பார்த்தான், என் தோளில் கை வைத்தான், ரொம்ப அன்பாக, “சரிப்பா. நீ சொன்னத நான் கேட்டுக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். என்ன நடந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. போன இலையுதிர் காலத்தில் நம் பாஸ்டர் சர்ச் கீழ்த்தளத்தில் ‘உன்னிப்பாகக் கேட்பது எப்படி’ என்று ஆறு வாரம் வகுப்பு எடுத்தாரே, ‘ஒருவர் வேண்டாமென்றால் அதை மதிக்கப் பழகுங்கள்’ என்று பலகையில் எழுதிப் போட்டாரே, ஞாபகமிருக்கிறதா? நானும் போயிருந்தேன், வகுப்பு முடிவில் கேக் உண்டு என்பதால். ஊரில் எல்லோரும் தூங்கிய அந்த வகுப்பில் ஒருத்தன் மட்டும் கண் விழித்துப் பாடம் கற்றிருக்கிறான், அவனும் என் எதிர்வீட்டிலேயே இருந்து தொலைத்தான். பாஸ்டரின் வகுப்புக்கு இலவச விளம்பரம் போட்டது உங்கள் பத்திரிகைதான் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அப்புறம் பக்கத்து வீட்டு டுவேன் வந்தார். மனைவி போன பிறகு பேச்சுத் துணைக்கு ஆளில்லாத மனிதர். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், கையில் வயரோடுதான் வந்தார். “வண்டியக் கொண்டாரவா, கொண்டாரவா, கொண்டாந்துர்றேன்” என்று மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். இருந்தாலும் வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே, நான் அவருக்குப் பின்னாலேயே நடந்துகொண்டு என் இரண்டு வேண்டாமையும் சொல்லித் தீர்த்தேன். அவர் தன் பழைய வண்டியைக் கொண்டுவந்து என் வண்டியின் மூக்குக்கு மூக்கு, இடிக்காமல் நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். அதுவரை நல்லவிதமாகத்தான் போயிற்று. இந்த நேரம் பார்த்து க்ளேட்டன் மறுபடி வெளியே வந்தான். அவன் முகம் வாடிப்போயிருந்தது.

“எங்கிட்ட வேணாம்னு சொன்ன. அவருகிட்ட மட்டும் சரிங்கிற.”

“நான் சரின்னே சொல்லலப்பா.”

“பரவால்ல, பரவால்ல. உன் இஷ்டம்.” போகவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றான்.

டுவேன் வயரைப் பிரித்தார். ஒவ்வொரு ஆம்பளைக்கும் இந்த விஷயத்தில் அப்பன் வழியாக வந்த ஒரு சாஸ்திரம் உண்டு. டுவேனின் அப்பா கறுப்பைத்தான் முதலில் மாட்டுவாராம். க்ளேட்டனின் அப்பா சிவப்பை முதலில், ஆனால் நல்ல வண்டியிலிருந்து தொடங்குவாராம். என் சட்டைப் பையில் நீங்கள் போட்ட குறிப்பைக் கத்தரித்து வைத்திருந்தேன். ஆனால் கையில் வயர் வைத்திருக்கிற மனிதரின் முன்னால் காகிதத்தை நீட்டுவதும், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவரின் தட்டில் உப்புப் போடுவதும் ஒன்று. அதனால், “சிலபேரு வேற மாதிரியும் சொல்றாங்க” என்று மட்டும் வானத்திடம் சொன்னேன். டுவேன் கறுப்பு கிளிப்பை எடுத்து, கூட்டல் முனை மாதிரி தெரிந்ததை நோக்கி நேராகக் கொண்டுபோனார். க்ளேட்டன் தொண்டையைச் செருமி, “ம்ம். அது ஒரு மாதிரி புதுசாத்தான் இருக்கு” என்றான். நம் ஊரில் இதைவிடக் கடுமையாக ஒருவரைத் திட்ட வார்த்தை கிடையாது. வேறு ஊராக இருந்தால் “யோவ், அறிவிருக்கா” என்று பிடுங்கியிருப்பார்கள். டுவேனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. பேட்டரியின் தலை பச்சைப் பூஞ்சை மாதிரி உப்பேறிப் போயிருந்ததால் கூட்டல் எது, கழித்தல் எது என்று தெரியவில்லை. தூக்கிய பானெட்டின் நிழல் வேறு. “இரு, பாத்துர்றேன்” என்று சொல்லி, பையிலிருந்து சிகரெட் லைட்டரை எடுத்து, பேட்டரிக்கு மேலே குனிந்து, கட்டைவிரலை வைத்தார்.

ஆசிரியரே, வாயு என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், பொறி என்று எழுதியிருந்தீர்கள். க்ளேட்டன் வெளிறிப்போய், “டுவேன், எனக்கென்னமோ அது அவ்வளவு...” என்று இழுத்துக்கொண்டிருந்தான். அந்த வாக்கியம் முடிவதற்குள் மூன்று பேருக்கும் புருவம் இருக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆர்டிஸின் கட்டிலுக்கு வெர்னா ஒரு பக்கம், தலையில் கட்டோடு நான் ஒரு பக்கம், இதுவும் கண்ணுக்கு வந்துபோயிற்று. பிறந்ததிலிருந்து குரலை உயர்த்தாத நான் கத்தினேன்.

“யோவ், அணைய்யா அதை! எங்கிட்டக் குடு அந்த வயரை! ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க!”

பிர்ச் தெருவில் ஜன்னல் திரைகள் ஒவ்வொன்றாக விலகின. டுவேன் லைட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றார். நான் காகிதத்தை வெளியே எடுத்தேன், சர்ச்சில் வசனம் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தேன், படித்தபடியே மாட்டினேன். பேட்டரி உப்பியிருக்கிறதா, உறைந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. துணியால் துடைத்துக் கூட்டல் குறியைக் கண்டுபிடித்தேன். சிவப்பு, சிவப்பு, கறுப்பு, கடைசிக் கறுப்பைத் தள்ளியிருந்த ஒரு போல்ட்டில். டுவேனின் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, என் சாவியைத் திருப்பினேன். கிளம்பிவிட்டது! மாட்டியதற்குத் தலைகீழ் வரிசையில், கிளிப்புகள் ஒன்றையொன்று உரசாமல், கழற்றினேன். குறிப்பு எழுதியவர் கைக்குத் தங்க வளையல் போடலாம் என்று அப்போது நினைத்தேன்.

உடனே கிளம்பியிருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். டுவேனின் மூக்கு சிவந்திருந்தது, குளிரால் மட்டுமில்லை. இந்தத் தெருவில் ஒருவரைப் பார்த்துக் கத்தியவன் காப்பி கொடுக்காமல் போனால் வசந்த காலம் வரை பேச்சு நின்றுவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு, “உள்ள வந்து ஒரு வாய் காப்பி...” என்றேன், இரண்டு தடவை மறுத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று மனதார நம்பிக்கொண்டு. டுவேன் முறைப்படி, “வேணாம்ப்பா, ஒனக்கு நேரமாவுது” என்றார். க்ளேட்டன் இருக்கிறானே, அந்த வகுப்பில் முதல் மாணவன், “கூப்பிட்டதுக்கு ரொம்ப சந்தோஷம், எனக்கு வேணும்” என்று முதல் தடவையிலேயே பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். அவன் உட்கார்ந்தால் டுவேனும் உட்கார வேண்டும். டுவேன் உட்கார்ந்தால் பிஸ்கட் வைக்க வேண்டும். பிஸ்கட் தட்டில் கடைசி ஒன்று மிஞ்சினால் அதை யார் எடுப்பது என்று உங்களுக்கே தெரியும். யாரும் எடுக்க முடியாது, எடுக்காமல் எழுந்திருக்கவும் முடியாது. கடைசியில் நானே அதைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டு, வாய் நிறைய, “நான் போறேன், நீங்க இருங்க” என்று சொல்லிவிட்டு, வெளியே தானாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஏறினேன். பின்னால் எடுத்தபோது ஏதோ இழுத்த மாதிரி இருந்தது. அவசரத்தில் கண்டுகொள்ளவில்லை. சுவரில் சொருகியிருந்த ஹீட்டர் வயரைப் பிளக்கோடும், பிளக்கைச் சுவரின் ஒரு துண்டு பலகையோடும் பிடுங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன் என்பது ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரிந்தது. அந்த ஆரஞ்சு நிற வயரைப் பற்றியும் உங்கள் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டி வெகுநேரமாகிவிட்டது. வண்டியை அணைத்தால் மறுபடி செத்துவிடுமோ என்ற பயத்தில் வாசலிலேயே ஓடவிட்டு, காவலாளி கத்தக் கத்த உள்ளே ஓடினேன். கூடத்தில் ஆர்டிஸ் சக்கர நாற்காலியில், கோட்டு போட்டு, தொப்பி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெர்னா, ஒரு கையில் ஆர்டிஸின் பெட்டி, ஒரு கையில் தன் கார் சாவி. என்னைப் பார்த்ததும் வெர்னா பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். ஆர்டிஸ் கண்ணைத் திறந்தாள். ஏன் லேட் என்று கேட்கவில்லை.

“ரோடு எப்படிங்க இருந்துச்சு?” என்றாள்.

“பரவால்ல.”

அவ்வளவுதான் பேசினோம். அவளை வண்டியில் ஏற்றி, தலையணையைச் சரிசெய்து, கம்பளியைப் போர்த்தி, கதவை ஒழுங்காகச் சாத்தி ஊரைத் தாண்டிய பிறகுதான் அவள் சொன்னாள். “அக்கா காலையில ஒரு தடவை கேட்டா, வேணாம்னேன். பத்து மணிக்கு இன்னொரு தடவை கேட்டா, வேணாம்னேன். மூணாவது கேட்டா நான் என்னங்க சொல்றது? அவ வாயைத் தெறக்குறப்பல்லாம் நான் தூங்கிட்டேன். நர்சம்மா வந்து ரெண்டு தடவை நாடி பாத்துட்டுப் போனா. இன்னும் கொஞ்சம் லேட் ஆயிருந்தா அதுக்கு மேல என்னால தூங்கியிருக்க முடியாது.” எனக்கு ரோடு கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடித் துடைப்பானைப் போட்டேன், மழையும் இல்லை, பனியும் இல்லை.

ஆகவே, ஆசிரியரே, நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஒரு காலை நேரம் முழுவதும் வீணானது பேட்டரியால் இல்லை. மூன்று ஆம்பளைகள் சேர்ந்து மூஞ்சியைக் கருக்கிக்கொள்ளப் பார்த்தது வயரால் இல்லை. ஒரு சக்கர நாற்காலியில் ஒரு பெண் மனுஷி பிணம் போலக் கிடந்து நடித்தது இடுப்பெலும்பால் இல்லை. எல்லாம் இந்த வாயால். இதை மரியாதை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், வெறும் கோழைத்தனம். வாய்விட்டு ‘வேணும்’ என்று சொல்ல நமக்குத் தைரியமில்லை, வாய்விட்டு ‘தப்பு’ என்று சொல்லத் தைரியமில்லை, ‘வேண்டாம்’ என்று சொன்னால் நமக்கே நம்பிக்கையில்லை. வரும் வாரத் தாளில் அந்தக் குறிப்பை மறுபடி போடுங்கள். முதல் வரிக்கும் முன்னால் ஒரு வரி சேருங்கள்: ‘முதல் தடவை கேட்கும்போதே, ஆமாம் வேண்டும் என்று சொல்லவும். தப்பாக மாட்டுபவரிடம் தப்பு என்று சொல்லவும். வேண்டாததை வேண்டாம் என்று ஒரே தடவை சொல்லி நிறுத்தவும்.’ ஊர் மாறுகிறதோ இல்லையோ, நுட்சன் வீட்டில் இன்று முதல் உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை. யார் வந்தாலும் இதுதான். ஆர்டிஸிடமும் சொல்லிவிட்டேன். “பாப்போம்” என்றாள்.

தங்கள் வீட்டுக் கூரை இந்தக் குளிர்காலத்தில் பனி பாரத்தைத் தாங்கட்டும், தங்கள் வண்டி எந்தக் காலையிலும் ‘டக்’ என்று சொல்லாமலிருக்கட்டும், தங்கள் மச்சினர் இனிமேல் கரையிலிருந்தே மீன் பிடிக்கட்டும், தங்கள் துணைவியாருக்கு எங்கள் இருவரின் அன்பும் சேரட்டும் என்று வேண்டி விடைபெறும்,

தங்கள் உண்மையுள்ள
ஹார்லன் நுட்சன்

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் பிரசுரிக்க வேண்டாம். வெர்னாவுக்கும் உங்கள் பத்திரிகை தபாலில் போகிறது. இதை உறையில் போட்டுக்கொண்டிருக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. ஆர்டிஸ் எடுக்கவில்லை, “உண்டுன்னா உண்டு, இல்லேன்னா இல்லேன்னீங்களே, நீங்களே பேசுங்க” என்று என்னிடம் நீட்டினாள். “ஆர்டிஸ் இங்க வரலேன்னா என்ன, நான் அங்க வந்து பனி உருகுற வரைக்கும் இருந்து ஒத்தாசை பண்றேனே” என்றாள் வெர்னா. வேண்டாம் என்ற சொல் என் தொண்டை வரை வந்தது, சத்தியமாக வந்தது. வெளியே வந்தது “உங்களுக்கு எதுக்குங்க சிரமம்” என்பதுதான். சிரமமே இல்லை என்றாள். “இந்தக் குளிர்ல இவ்வளவு தூரம் எதுக்குங்க” என்றேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, வரட்டுமா என்று மூன்றாவது தடவை கேட்டாள். ஆர்டிஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்படின்னா சரி, வாங்க, ரொம்ப சந்தோஷம்” என்றேன். வெர்னா ஏற்கெனவே பெட்டி கட்டி வைத்திருந்தாளாம். இப்போதுதான் பாதி வழியிலிருந்து மறுபடி கூப்பிட்டாள். அவளுடைய வண்டி இந்தக் குளிரிலும் சாவியை ஒரே ஒரு தடவை திருப்பியதுமே கிளம்பிவிட்டதாம்.